பெரட்டு மாத்திரை

பூமாரியின் விரல்கள் காலையில் மடங்காது. இருட்டோடு எழுந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பைப்படியில் குடத்தைத் தூக்கும்போது அவை சுள்ளி விறகைப் போல விறைத்து நிற்கும். வெந்நீரில் அரை மணி நேரம் முக்கி வைத்தால்தான் ஒவ்வொன்றாக மனமிரங்கி வளையும். அந்த அரை மணி நேரத்தைத் தவிட்டுப்பாறை எஸ்டேட் அவளுக்கு ஒருநாளும் தந்ததில்லை. ஆறு மணிக்குச் சங்கு. ஆறரைக்குப் பெரட்டு. ஸ்டோர் முற்றத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத்தான் அந்தப் பேர்.

அன்றைக்கும் மழை விடவில்லை. சக்குபள்ளத்துக்கு மேலே அந்த மலையில் ஆவணி மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து அறையும். நாற்பத்திரண்டு பெண்கள் பிளாஸ்டிக் படுதாவை முக்காடு போட்டு, இடுப்பில் சாக்குப்பை கட்டிக்கொண்டு நின்றார்கள். சூப்பர்வைசர் ராக்கப்பன் ஸ்டோர் வாசலில் நனையாமல் நின்று பெயர் கூப்பிட்டான். கூப்பிடப்பட்டவள் முன்னால் வந்து ஒரு கையில் பாலில்லாத கட்டன்சாயாவும் மறு கையில் மாத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பிஸ்கட் டின்னுக்குள் ஆரஞ்சு நிறத்தில் வட்ட வட்டமாகக் கிடந்தன. எல்லாம் தகட்டிலிருந்து உரித்துப் போட்டவை. அவற்றின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. பெரட்டு மாத்திரை என்பார்கள்.

முன்பு இந்த வழக்கம் கிடையாது. ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய ஏலக்காயின் எடையைக் கூட்டிய வருடத்தில் அந்த டின் வந்தது. வேண்டாம் என்பவளை ராக்கப்பன் கட்டாயப்படுத்த மாட்டான். சாயங்காலம் அவள் எடை குறைந்தால் மட்டும் தராசுக்கு முன்னால் நிறுத்தி வைத்துப் பேசுவான். அந்தப் பேச்சைக் கேட்பதற்கு மாத்திரையே மேல்.

"பூமாரி."

"இந்தா வாரேன்."

"ஒனக்கு ரெண்டு. நேத்து ஒன் எடையைப் பாத்தியா? எம் பொண்டாட்டி வீட்ல பூண்டு உரிக்கிறது அதவிடக் கூட இருக்கும்."

சில பெண்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த பேச்சு தங்களைப் பற்றியதாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பூமாரி இரண்டையும் வாயில் போட்டு, கொதிக்கும் சாயாவை ஊற்றி விழுங்கினாள். வயிற்றில் வேறு எதுவும் இல்லை.

அவளுக்கு அடுத்து நின்றவள் மாரீஸ்வரி. பூமாரி அவளுக்கு மதினி, செத்துப்போன அண்ணனின் மனைவி. அண்ணன் போன பிறகும் இருவரும் ஒரே லயத்து வீட்டில் ஒரே அடுப்பில்தான் ஆக்கித் தின்றார்கள். மாரீஸ்வரி தன் மாத்திரையை விழுங்குவது போலக் காட்டி மடியில் முடிந்துகொண்டாள். அவளுக்கு வலி சாயங்காலம்தான் வரும், முதுகைப் பிளந்துகொண்டு. அப்போது போட்டுக்கொள்வாள்.

ஏலக்காய் கண்ணுக்கு நேராகக் காய்ப்பதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் தட்டை வளர்ந்து நிற்கும், காய்ச்சரம் மட்டும் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படுத்துக் கிடக்கும். அதனால் ஏலக்காய் எடுப்பவள் நாள் முழுக்கக் குந்தியிருக்க வேண்டும், ஈர மண்ணில், தவளையைப் போல. சரத்தை இடது கையால் தூக்கி, பிஞ்சைத் தொடாமல், முற்றி உள்ளே விதை கறுத்த காயை மட்டும் நகத்தால் கிள்ள வேண்டும். கருங்காய் என்று அதற்குப் பேர். ஒருநாள் முந்தினால் எடை இல்லை. ஒருநாள் பிந்தினால் பழுத்து வெடித்துவிடும். அட்டைகள் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறும். அவற்றைப் பிடுங்கக் கையை எடுத்தால் எடை குறையும்.

"மதினி, என்ன முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல. நாலு நாளா வெளிக்கி கறுப்பாப் போகுது. கருப்பட்டிக் காப்பி ஆகலபோல."

பத்து மணி வாக்கில் பூமாரி எழுந்து நிற்கப் பார்த்தாள். தட்டையைப் பிடித்தாள். பிடி நழுவிக் குப்புற விழுந்தாள். மாரீஸ்வரி ஓடிப்போய்ப் புரட்டியபோது வாயிலிருந்து காப்பித் தூளைக் கரைத்த மாதிரி கறுப்பாக வந்தது. அதற்குப் பின்னால் வந்தது கறுப்பு இல்லை.

நான்கு பெண்கள் படுதாவில் கிடத்தி அவளை மேட்டு ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எஸ்டேட் ஜீப் அங்கேதான் நின்றது. ராக்கப்பன் அதில் சாக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"சாக்க எறக்கு," என்றாள் மாரீஸ்வரி.

"ஏட்டி, இது பச்சைக் காயி. சாக்குக்குள்ள சூடு பிடிச்சா நெறம் போயிரும். ஸ்டோர்ல தள்ளிட்டு உடனே வந்துருவோம். கொஞ்சம் பொறு."

ஜீப் திரும்பி வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அத்தனை நேரமும் மாரீஸ்வரி மதினியின் தலையை மடியில் வைத்து, தன் படுதாவை அவள்மேல் போட்டு, நனைந்துகொண்டே இருந்தாள். ரோட்டோரச் செடியில் சரம் சரமாகக் காய். நெறம் போகாமல், பச்சையாக, கொழுத்துக் கிடந்தன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாலுக்கா ஆஸ்பத்திரியில் மலையாளம் கலந்த தமிழ் பேசும் டாக்டர் நிமி பூமாரியைப் பார்த்த உடனே ரத்தம் ஏற்றச் சொன்னாள். ட்யூப் போட்டார்கள், ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்த டாக்டரின் கையில் பூமாரியின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு மூட்டு வீக்கத்துக்கு வந்தபோது டாக்டரே எழுதிக் கொடுத்தது.

"நான் ஸ்டீராய்டு எழுதின அன்னைக்கே கேட்டேன். வேற மருந்து ஏதும் உண்டான்னு. இல்லைன்னு சொன்னாங்க. வலிக்கு எந்த குளிகயும் கழிக்கறதில்லையா, மாத்திரை ஏதும் சாப்பிடறதில்லையா?"

"இல்ல டாக்டரம்மா. ஆஸ்பத்திரி மாத்திரை மட்டுந்தான். அந்தச் சின்ன வெள்ள மாத்திரை. அத ஒருநாளும் விடமாட்டாக."

டாக்டர் நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "சரி. காலையில எழுந்ததுலேர்ந்து வாயில என்னென்ன போடறாங்க? ஒண்ணு விடாம சொல்லு," என்றாள்.

"வெந்நி குடிப்பாக. அப்பறம் பெரட்டுல கட்டன்சாயா, பெரட்டு மாத்திரை. பத்தரைக்குக் கஞ்சி. கஞ்சிக்குப் பெறகு ஆஸ்பத்திரி மாத்திரை..."

"நில்லு. பெரட்டு மாத்திரையா?"

மாரீஸ்வரி அப்போதுகூடப் புரியாமல்தான் பார்த்தாள். மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதித் தருவது. இது சாயாவோடு வருவது. சாயாவை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? பூமாரியும் இப்படித்தான் இல்லை என்று சொல்லியிருப்பாள், பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். மடியை அவிழ்த்து, காலையில் முடிந்த ஆரஞ்சு மாத்திரையை டாக்டரின் உள்ளங்கையில் வைத்தாள்.

டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தாள். மேலே அச்சாகியிருந்த எழுத்தைப் படித்தாள். அவள் முகம் கறுத்தது.

"எத்தனை நாளா?"

"எல்லா நாளும். வெறும் வயித்துல. மதினிக்கு ரெண்டு."

டாக்டர் நிதானமாகச் சொன்னாள். இது மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமலே வாங்கிவிடக்கூடிய வலி மாத்திரை. வயிற்றின் உள்பக்கம் ஒரு பசை மூடியிருக்கும், செரிக்கவைக்கும் புளிப்பு நீர் தின்றுவிடாமல் காக்கிற பசை. வலி மாத்திரை அதைக் குறைக்கும். ஸ்டீராய்டு, வந்த புண்ணை ஆறவிடாது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசிகிற ஆபத்து பல மடங்கு. போதாததற்கு ஸ்டீராய்டு புண்ணின் வலியையும் மறைத்துவிடும். ஆள் விழுகிறவரை தெரியாது.

"கறுப்பா வெளிக்கிப் போனாகளாம்."

"அது ரத்தம். நாலு நாளா ரத்தம் போயிருக்கு." டாக்டர் எழுந்தாள். "பிழைச்சுக்குவாங்கன்னு நெனைக்கறேன். நாளைக்குக் கழிஞ்சாதான் உறப்பாச் சொல்ல முடியும். ஒண்ணு கேளு. உங்க எஸ்டேட்ல வேற யாராவது இந்த வெள்ள மாத்திரை கழிக்கறாங்கன்னா, ஆரஞ்சு மாத்திரையைத் தொடக் கூடாது. ஆனா பயந்துபோய் வெள்ளையைத் தானா நிறுத்தவும் கூடாது. அதைத் திடீர்னு நிறுத்தினா அது வேற ஆபத்து. சீட்டை எடுத்துட்டு என்கிட்ட வரச் சொல்லு. மனசிலாச்சா?"

மாரீஸ்வரிக்கு எல்லாம் மனசிலாயிற்று. ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இது தெரியாமல் நடந்ததா?

அதற்குப் பதில் மறுநாள் பத்து மணிக்குக் கிடைத்தது. முதலாளி பூபதிராஜா கம்பத்துக்காரர். மாதத்தில் பாதி நாள் எஸ்டேட் பங்களாவில் தங்குவார். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஆள் துணைக்கும் கேட்கலாம் என்று மாரீஸ்வரி பங்களா வராந்தாவுக்குப் போனபோது, அவர் உள்ளே சாய்வு நாற்காலியில் இடுப்பில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். முந்தின நாள் பாசிப் படியில் வழுக்கி விழுந்திருந்தார். ராக்கப்பன் டின்னைத் திறந்து நீட்டினான்.

"ரெண்டு போடுங்க மொதலாளி. கல்லு மாதிரி எந்திரிச்சிருவிய."

"ஏய், அந்தக் கருமத்த இங்கிட்டுக் கொண்டாராத. நான் இழுப்புக்கு ஸ்டீராய்டு போட்டுக்கிட்டு இருக்கேன்ல. இது கூடச் சேந்தா வயித்தப் பொத்துப்புடும்னு மதுரை டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. நோவுக்கு வேற மாத்திர எழுதித் தந்திருக்காரு, அத எடு."

வராந்தாவில் நின்ற மாரீஸ்வரிக்குப் பூமாரியின் சீட்டு ஞாபகம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு பூமாரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த லீவுக்காக இதே வராந்தாவில் சீட்டையும் மாத்திரைத் தகட்டையும் நீட்டினாள். மாரீஸ்வரி பக்கத்தில் நின்றாள். பூபதிராஜா இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி, "என்ன பூமாரி, ஒனக்கும் எனக்கும் ஒரே மாத்திரையா?" என்று கேட்டார். பூமாரி அன்றைக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மாரீஸ்வரி யாரும் கூப்பிடாமலே உள்ளே போனாள்.

"மொதலாளி, மதினிக்கும் அதே வெள்ள மாத்திரைதான. நீங்க பாத்தியள்ல."

வராந்தாவில் நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது பூபதிராஜாவுக்கு ஒரு நொடியில் விளங்கியது. அடுத்த நொடியில் முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"இந்தா பாரு தாயி. நான் ஆருக்கும் வைத்தியம் பாக்கல. எம் பொம்பளைக வலியில துடிக்கக் கூடாதுன்னு எரக்கப்பட்டு எங் கைக்காசப் போட்டு வாங்கி வச்சேன். இவ முழுங்குனா. வாயில திணிச்சேனா?"

"ரெண்டு குடுக்கச் சொன்னது ஆரு?"

"எடை கொறையிதுன்னா ராக்கப்பன் குடுத்திருப்பான். நாப்பது பேரு வயித்துல என்ன இருக்குன்னு பாக்கறதா என் வேல? போ. ஆஸ்பத்திரி கவுருமெண்டு ஆஸ்பத்திரிதான, செலவு என்ன வந்துச்சு?"

அவள் வெளியே வந்தாள். பின்கட்டு வழியாகப் போனவளை, பங்களாவில் சமைக்கும் மருதாத்தாள் சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டாள். சித்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி மலையேறி வந்து பத்து வருடமாகியும் கொங்குப் பேச்சு மாறாதவள்.

"ஏனுங் மாரி, பூமாரிக்கு எப்படி இருக்குதுங்? கண்ணு முழிச்சாளா?" என்றாள். பதில் வருவதற்குள், "செத்த இந்தக் காப்பியப் பாத்துக்க சாமி, பால் வாங்கிட்டு வந்தர்றேன்," என்று தூக்குப் போசியோடு போய்விட்டாள்.

அடுப்பு மேடையில் முதலாளியின் பெரிய பித்தளை டம்ளர். சிக்கரி தூக்கலாகக் கலந்த கறுப்பு டிகாஷன். பக்கத்து அலமாரியில் ராக்கப்பன் கொண்டுவந்து வைத்த புது மாத்திரைப் பெட்டி. தகடு தகடாக.

மாரீஸ்வரி ஒரு தகட்டை எடுத்தாள். ஆறு மாத்திரையை உரித்தாள். அம்மிக்கல்லில் வைத்து நசுக்கினால் ஆறும் ஒரு சிட்டிகைத் தூள். சிக்கரிக் கசப்பில் அது தெரியாது. இன்றைக்கு ஆறு, நாளைக்கு ஆறு. மருதாத்தாளுக்குத் தினமும் ஒத்தாசைக்கு வருகிறேன் என்றால் சந்தோஷப்படுவாள். நாலு நாள் கறுப்பாகப் போகும். பிறகு இந்த பங்களாத் தரையில் குப்புற விழுவான். ஜீப் வர ஐம்பது நிமிடம் ஆகட்டும். அம்மிக்கல்லைக் கழுவித் துடைத்தும் வைத்துவிட்டாள். நடந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றியது. அதற்காக அவள் பிறகும் வெட்கப்பட்டதில்லை.

மாத்திரையை அம்மியில் வைத்து, குழவியைத் தூக்கியபோதுதான் நின்றாள்.

தெரியாமல் விழுங்கியவள் மதினி. இவனும் தெரியாமலே விழுங்கினால் அதில் என்ன கணக்குத் தீரும்? வயிற்று நோவு வந்தது, போனான் என்று கம்பம் ஊரில் போஸ்டர் ஒட்டுவார்கள். மகன் வந்து அதே டின்னைத் திறப்பான். கூடாது. இவன் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்க வேண்டும். இன்னது என்று தெரிந்து, கையில் பிடித்து, வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோக வேண்டும். நாற்பத்தொரு பேரும் சுற்றி நின்று அவன் தொண்டையைப் பார்க்க வேண்டும்.

ஆறு மாத்திரையையும் திரும்பப் பொறுக்கி மடியில் முடிந்தாள். உரித்த தகட்டையும் எடுத்துக்கொண்டாள். பெரட்டு மாத்திரையின் நிஜப் பெயரை முதல்முறையாக அதில் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் லயத்தில் வீடு வீடாக அவள் ஒரே வேலைதான் செய்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டு உள்ளவர்கள் எல்லோரும் சீட்டையும் மாத்திரையையும் கொண்டு வாருங்கள் என்றாள். டிரங்குப் பெட்டியிலிருந்தும் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்தும் சாமிபட இடுக்கிலிருந்தும் வந்தன. பாயில் பரப்பினார்கள். மூச்சிரைப்புக்கு மூன்று பேர், மூட்டுக்கு இரண்டு பேர், மருந்தடித்த செடியில் வேலை செய்து தோல் வெடித்தவள் ஒருத்தி. ஆறு பேரிடம் அதே சின்ன வெள்ளை மாத்திரை.

"அப்ப பூமாரிக்கு அடுத்து நாந்தானா?" என்று தோல் வெடித்தவள் கேட்டாள்.

"வெள்ளைய நிறுத்தாதீக. டாக்டரம்மாகிட்டப் போவோம், எல்லாரும். ஆரஞ்ச நாளைக்கு வாங்குங்க. ஆனா முழுங்காதீக."

"முழுங்காம?"

மாரீஸ்வரி சொன்னாள்.

மறுநாள் பெரட்டில் மழை விட்டிருந்தது. ராக்கப்பன் பெயர் கூப்பிட்டான். முதல் பெண் முன்னால் வந்து மாத்திரையை வாங்கினாள், சாயாவை வாங்கவில்லை. நேராகப் போய் மாத்திரையைத் தராசுத் தட்டில் போட்டாள். டக் என்றது. இரண்டாமவள் போட்டாள். டக். ராக்கப்பனுக்கு அது என்ன என்று விளங்கப் பத்துப் பேர் ஆயிற்று. அதற்குள் அவன் கை பழக்கத்தில் கொடுத்துக்கொண்டே இருந்தது. விளங்கியதும் முதலாளிக்குப் போன் போட்டான்.

பூபதிராஜா கைத்தடியை ஊன்றி நொண்டிக்கொண்டு வந்தார். தராசுத் தட்டைப் பார்த்தார்.

"என்ன கூத்து இது?"

மாரீஸ்வரி தட்டைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினாள்.

"ஒங்களுக்குத்தான் மொதலாளி. இடுப்பு வலியில துடிக்கிய. எங்களுக்கு மனசு கேக்கல. எரக்கப்பட்டுத் தாரோம்."

யாரோ ஒருத்தி பின்னால் களுக்கென்று சிரித்தாள். இந்தத் தடவை பயத்தில் சிரிக்கவில்லை.

"தட்ட எடு அங்கிட்டு."

"முழுங்குங்க. ரெண்டே ரெண்டு. வெறும் வயித்துல, கட்டன்சாயாவோட. ராக்கப்பண்ணே, மொதலாளிக்குச் சாயா ஊத்துங்க."

ராக்கப்பன் அசையவில்லை. அவன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். நாற்பத்தொரு பெண்களும் அதையே பார்த்தார்கள். தட்டு இன்னும் ஒரு சாண் கிட்டத்தில் வந்தபோது பூபதிராஜா வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓர் அடி வைத்தார். இடுப்பு வலித்துக் கைத்தடி நழுவியது. அவ்வளவுதான். அதற்குமேல் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மாரீஸ்வரி சொன்னாள்.

"ஆகாதுன்னு ஒங்களுக்குத் தெரியும். மதினிக்கு ஆகாதுன்னும் தெரியும். சீட்டப் பாத்தியள். சிரிச்சியள். இவுகளுக்கும் தெரியணும்னுதான் இத்தன பேத்தையும் நிறுத்திக் கேட்டேன்."

"இப்ப என்னடி வேணும் ஒனக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரம்மா முன்னால, என்ன மாத்திரை, எத்தன வருசமாக் குடுத்தோம்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். மதினி எந்திரிச்சு நடமாடுத வரைக்கும் கூலி. ஆளு விழுந்தா சாக்கு எறங்கணும், ஆளு ஏறணும். எடைய முன்ன இருந்த மாதிரி வைக்கணும். அதுவரைக்கும் ஒருத்தியும் செடிக்குள்ள எறங்க மாட்டா."

"லயம் என்னோடது. சாயங்காலத்துக்குள்ள சட்டி பானையத் தூக்கிக்கிட்டு எறங்குங்க எல்லாரும். ஒங்கள விட்டா ஆளு இல்லையா?" அங்கேயே நின்று, கம்பத்திலிருந்து வேறொரு எஸ்டேட்டுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிவரும் ஜீப் ஓட்டுநரிடம் போனில் பேசினார். "ஜிதினே, கம்பத்து ஆளுகள வச்சுக்கிட்டு எங்க வந்துக்கிட்டு இருக்க? அவுக எஸ்டேட்டுக்கு நான் சொல்லிக்கிறேன். இங்கிட்டுக் கொண்டா. கூலி கூடத் தாரேன்."

பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். சிலர் முகத்தில் பயம் இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது வீடு பூட்டியிருக்குமா என்ற பயம். அப்போதும் யாரும் எழுந்திருக்கவில்லை. நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து மாரீஸ்வரிக்குப் போன் வந்தது. பூமாரி கண் விழித்தாள், இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள், இன்னும் ஒரு பாட்டில் ரத்தம் வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் ஐந்தாறு பேர் என் ரத்தம் சேருமா பார் என்றார்கள்.

ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. குமுளி ஏற்றத்தில் பழுக்கக் காய்ந்த எஞ்சினோடு, உள்ளேயும் பின்படியிலுமாகப் பதினெட்டுப் பெண்கள். ஓட்டுநர் ஜிதின் எஞ்சினை அணைக்காமல் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். முன்னால் இருந்த ஒரு கம்பத்துப் பெண் சாக்குப்பையோடு இறங்கினாள். நெட்டையான ஆள்.

"என்னக்கா, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீக?"

மாரீஸ்வரி தகட்டை எடுத்துக் காட்டினாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். வெள்ளை மாத்திரை, ஆரஞ்சு மாத்திரை, ஜீப்பில் ஏறிய சாக்கு. நெட்டைப் பெண் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தன் இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து அதே நிறத்தில், அதே எழுத்து அச்சான மாத்திரை ஒன்று வந்தது.

"எங்க தோட்டத்துல பன்னுக்குள்ள வச்சுத் தாராக," என்றாள். ஜீப்பைத் திரும்பிப் பார்த்து, "எறங்குங்கடி. செடிக்குப் போக இல்ல. இங்கன உக்கார," என்றாள்.

ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஜிதின் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்துவிட்டுச் சாவியைத் திருகினான். எஞ்சின் அடங்கியதும் மலை முழுக்க அமைதி. வெயில் வேறு ஏறத் தொடங்கியிருந்தது. மழை விட்டதும் அடிக்கிற வெயிலில் கருங்காய் எப்படி வேகமாகப் பழுக்கும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பூபதிராஜாவுக்குக் கூடுதலாகத் தெரியும்.

"ஏம்மா," என்றார். முதல்முறையாகக் குரல் இறங்கியிருந்தது. "காயி பழுத்துப் போகும்மா."

"பழுக்கட்டும்," என்றாள் மாரீஸ்வரி. நெட்டைப் பெண்ணுக்குத் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.